தவிட்டு டாக்டரும் என் மரத்துப்போன கால்களும்

எதிரே வருகிறவரை "நல்லாயிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்விடுவது நம் எல்லாருக்கும் வழக்கம். பதில் தெரியாமல் ஆளை விடாத ஒரே மனிதர் இந்த மலாயாவில் தவிட்டு டாக்டர்தான். நாக்கை நீட்டச் சொல்வார். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்ப்பார். கடைசியில், நடுத்தெருவானாலும் சரி, "கையை ஊணாம குந்தி எந்திரிங்க பாப்போம்" என்பார். எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் பாதிப்பேர் அவரைத் தூரத்தில் கண்டாலே சந்துக்குள் திரும்பிவிடுவார்கள். மீதிப்பேர் குந்தி எழுந்துவிட்டுப் போவார்கள், ஏனென்றால் அதுதான் சீக்கிரம் முடியும்.

அவர் டாக்டர் இல்லை. கிள்ளான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப்போட்டு மருந்து கொடுக்கும் டிரெசராக இருந்து விலகியவர். அதற்கு முன்னால் சர்க்கார் ஆஸ்பத்திரியில் பெரிபெரி வார்டில் வேலை பார்த்தாராம். ஈயச் சுரங்கத்துச் சீனர்கள் கால் வீங்கி, நடை போய், வரிசையாகக் கிடந்த காலம் அது. தோட்டத்துத் தமிழனுக்கு அந்த நோய் அபூர்வமாகத்தான் வரும்.

"ஏன்னு டாக்டர் தொரைதான் சொல்லிக் குடுத்தாரு" என்பார். "நம்ம ஆளு புழுங்கல் அரிசி திங்கிறான். அவங்க தீட்டின வெள்ளை அரிசி திங்கிறாங்க. சத்து தவிட்டோட போயிருது. அவரு சொன்னதை நான் மறக்கல, அவ்வளவுதான் தம்பி."

மறக்கவில்லை என்றால் சாதாரணமாக அல்ல. கக்கத்தில் எப்போதும் ஒரு பிஸ்கட் டின், அது நிறையத் தவிடு. பாசார் பக்கத்துச் சீனர் கடையில் வாங்குவார். கோழிக்கும் பன்றிக்கும் போடுகிற சரக்கு என்பதால் கடைக்கார தவுக்கேக்கு ஒரே ஆச்சரியம். ஒருநாள் கேட்டேவிட்டார், "உங்க வீட்டுல கோழி எத்தனை?" இவர் கொஞ்சம்கூட யோசிக்காமல், "கோழி இல்லை தவுக்கே, எல்லாம் ரயில்வே கிளார்க்குங்க" என்றார்.

தவிட்டையே எல்லாருக்கும் திணிப்பார் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளையை மணவறைக்குப் பக்கத்திலேயே குந்தி எழச் சொன்னார். மாமனாருக்கு வந்த கோபத்தைப் பார்க்கவேண்டுமே. "என்னய்யா நெனச்சுக்கிட்டீரு? நாங்க எல்லாம் குந்த முடியாத பரம்பரையா?" என்று சவால் விட்டு அவரே குந்தினார். எழ முடியவில்லை. இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள். பெண் வீட்டார் கலங்கிப்போய், "பெரிபெரியா டாக்டரே?" என்று கேட்டார்கள். இவர் மாமனாரின் வயிற்றை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார். "இல்லீங்க. இவருக்குத் தவிடு வேணாம். சோத்தைப் பாதியாக்கி, சாயங்காலம் நடந்தா போதும்."

எங்கள் மெஸ்ஸுக்கும் அவருக்கும்தான் உண்மையான சண்டை. கல்யாணமாகாத ரயில்வே கிளார்க்குகள் சேர்ந்து வீடு பிடித்து, ஒரு சமையல்காரரை வைத்துச் சாப்பிட்டுவந்தோம். எல்லாருமே தோட்டத்தில் பிறந்து, நாலு எழுத்துப் படித்து, சட்டை மாட்டிக்கொண்டவர்கள். அது யாருக்கும் தெரிந்துவிடக்கூடாது என்பதில் எங்களுக்கு அப்படியொரு கவலை. ஆபீசில் ஒருவன், "உங்க மெஸ்ஸுல லயத்து வாசனை வருது லா" என்று சிரித்துவிட்டான். தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீடுகளில் புழுங்கல் அரிசி வேகும் வாசனையைச் சொல்கிறான். அந்த வாரமே புழுங்கலுக்குத் தடை போட்டோம். பயறும் கருவாடும்கூடத் தோட்டத்துச் சாப்பாடு என்று நின்றுபோயின. சயாமிலிருந்து வரும் பளபளத்த வெள்ளை அரிசி வந்தது. சோறும் ரசமும் அப்பளமுமாக நாங்கள் திடீரென்று நாகரிகமாகிவிட்டோம்.

சமையல்காரர் குப்பண்ணன் அந்த அரிசியைத் தண்ணீர் தெளிகிறவரை கழுவுவார், வெந்ததும் கஞ்சியை ஒரு சொட்டு விடாமல் வடிப்பார். ஒருநாள் அந்த வழியாக வந்த தவிட்டு டாக்டர், எங்கள் சாக்கடை ஓரம் நின்று தலையில் கைவைத்தபடி, "போச்சே, உசிரு சாக்கடையில போவுதே" என்று கத்தினார். குழந்தைதான் விழுந்துவிட்டதென்று தெருவே ஓடிவந்தது. ஒருவர் மூங்கில் கழியோடு சாக்கடைக்குள் இறங்கியே விட்டார். "எங்கே, எங்கே?" என்று அவர் துழாவ, இவர் கழுநீரைக் காட்டினார். அன்று குப்பண்ணன் சொன்ன வார்த்தைகளை இந்தப் பத்திரிகை அச்சிடாது.

அப்போது ரப்பர் விலை விழுந்து, தோட்டங்களில் ஆட்களைக் குறைத்து ஊருக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். பந்திங் பக்கத்துத் தோட்டத்தில் இருந்த என் அப்பா அம்மாவுக்கும் அடுத்த கப்பல் என்று சொல்லியாகிவிட்டது. ஊரில் அவர்களுக்கு நிலமும் இல்லை, வீடும் இல்லை. எனக்கு ரயிலில் கார்டு வேலை கிடைத்தால் குடியிருக்கக் குவாட்டர்ஸ் கிடைக்கும், அவர்களைக் கூட்டிவந்து வைத்துக்கொள்ளலாம். எழுத்துப் பரீட்சையில் தேறிவிட்டேன். மிச்சம் இருந்தது ரயில்வே டாக்டரின் உடல் சோதனை ஒன்றுதான்.

அந்த நேரம் பார்த்து ஒருநாள் வேலை முடிந்து மெஸ்ஸுக்கு வந்தேன். குப்பண்ணன் கேட்டார், "ஒரு செருப்பு எங்க தம்பி?" குனிந்து பார்த்தேன். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. மற்றது எந்த இடத்தில் கழன்றதென்றே தெரியவில்லை. மெஸ்ஸே விழுந்து விழுந்து சிரித்தது, நானும் சிரித்தேன். பிறகு தனியாக உட்கார்ந்து பாதத்தைக் கிள்ளிப் பார்த்தேன். யாருடைய காலையோ கிள்ளுவதுபோல் இருந்தது. அதன்பின் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கெண்டைக்கால் வலித்தது. மேம்பாலப் படி ஏறினால் நெஞ்சு படபடத்தது. யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள் என்றான் ஒரு நண்பன். யாரிடமும் வாய் திறக்காமல் தவிட்டு டாக்டர் வரும் சந்துகளை எல்லாம் தவிர்த்து நடந்தேன். ஆனால் அவரும் சந்துகளை மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார் போலும், மளிகைக்கடை வாசலில் மாட்டிக்கொண்டேன்.

"குந்துங்க தம்பி."

குந்தினேன். எழ முடியவில்லை. கடையில் இருந்தவர்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. கக்கத்து டின்னைக் கீழே வைத்து, இரண்டு கையாலும் என்னைத் தூக்கி நிறுத்தினார்.

"வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"தவிடு குடுங்க ஐயா, போதும். ஆஸ்பத்திரி வேணாம். ரயில்வேக்குத் தெரிஞ்சா எல்லாம் போச்சு."

"தவிடு குடுக்கத்தான் போறேன். ஆனா உங்க இருதயம் எப்படி இருக்குன்னு நான் காதை வச்சா கண்டுபிடிக்கிறது? அதுக்குப் படிச்சவரு இருக்காரு."

ஆஸ்பத்திரி டாக்டர் பார்த்தார். பெரிபெரியேதான், ஆனால் ஆரம்பம், இருதயம் தாங்குகிறது, அரிசியை மாற்றினால் தேறிவிடலாம் என்றார். வெளியே வந்ததும் தவிட்டு டாக்டர் என்னைப் பிடித்துக்கொண்டார். காலையில் வேகவைத்த பச்சைப்பயறு. வெல்லம் போட்டுப் பிசைந்த தவிடு. மத்தியானம் புழுங்கல் சோறு, கஞ்சியைக் கொட்டக்கூடாது. சுருட்டு கூடாது. கால் தேறத் தேற நடை. இவ்வளவும் சொல்லிவிட்டு, "தூக்கம் எப்படி?" என்று கேட்டார்.

"நோவு கால்லதானே, தூக்கத்தை எதுக்குக் கேக்குறீங்க ஐயா?"

"உடம்புன்னா ஒரே வீடு தம்பி. அடுப்படியில புகைஞ்சா கூடத்துல இருக்கிறவனுக்கும் இருமல் வரும். மனசுல என்ன வச்சிருக்கீங்க, சொல்லுங்க."

அப்பா அம்மாவின் கப்பலைப் பற்றி அவரிடம்தான் முதலில் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். அவர் குறுக்கே பேசாமல் இருந்ததை அதற்கு முன்போ பின்போ நான் பார்த்ததில்லை. அடுத்த நாளிலிருந்து, நான் கோழித்தீவனம் தின்பதை மேற்பார்வையிட இரண்டு வேளையும் மெஸ்ஸுக்கு வந்தார். குப்பண்ணன் முணுமுணுத்துக்கொண்டே புழுங்கலுக்கு மாறினார். பயத்தில் மெஸ் முழுதும் என்னோடு தவிடு தின்றது.

சோதனை நாள் வந்தது. ரயில்வே டாக்டர் என்னைக் கால் தொங்க உட்காரவைத்து, முழங்காலுக்குக் கீழே சின்னச் சுத்தியலால் தட்டினார். இந்த நோய் இருந்தால் கால் அசையாது என்று எனக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டேன். கால் விசுக்கென்று எழும்பி, பக்கத்தில் நின்ற உதவியாளரின் கையிலிருந்த தட்டை உதைத்துத் தள்ளியது. கத்தரிக்கோலும் பஞ்சும் அறை முழுதும் சிதறின. டாக்டர் சிரித்துக்கொண்டே, "ரயிலை உதைத்துவிடாதே" என்று கையெழுத்துப் போட்டார். உதவியாளரிடம் மன்னிப்புக் கேட்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. தட்டுக்காக இப்படி அழுகிறானே என்று அவர் என்னைத் தேற்றினார்.

வெளியே மரத்தடியில் தவிட்டு டாக்டர் நின்றுகொண்டிருந்தார். வருவதாக அவர் சொல்லவே இல்லை. "பாஸ் ஐயா" என்றேன். "அப்படியா" என்றார், அவ்வளவுதான். நாக்கை நீட்டச் சொல்லவில்லை, குந்தவும் சொல்லவில்லை. மரத்தில் சாய்ந்தபடியே நின்றார். எனக்குச் சந்தேகம் வந்தது.

"சாப்பிட்டீங்களா?"

"இல்ல தம்பி. காலையிலேர்ந்து எதுவும் எறங்கல."

வேளாவேளைக்குச் சாப்பிடாதவனைத் தெருவில் நிறுத்தித் திட்டுகிற மனிதர் அவர். கையைப் பிடித்துப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போனேன். இலையில் வந்து விழுந்தது நன்றாகத் தீட்டிய சயாம் வெள்ளை அரிசிச் சோறு. அது எந்த அரிசி என்று அவர் பார்க்கவே இல்லை. ரசம் விட்டுப் பிசைந்து, இரண்டாம் தடவை கேட்டு வாங்கி, கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டார். நானும் சொல்லவில்லை. எதிரே உட்கார்ந்து அவர் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவரை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.