‘பெரிசா சிறிசா’ சாரும் மூன்று ஃபிளாப்பிகளும்

உலகத்திலேயே அதிகம் பயப்படுகிறவர் யார் என்று ஒரு போட்டி வைத்திருந்தால், எங்கள் ‘பெரிசா சிறிசா’ சார் அலுங்காமல் முதல் பரிசை அடித்திருப்பார். வாங்குவதற்கு மேடையேறித்தான் இருக்க மாட்டார். மேடை தாங்குமா என்று கீழேயே நின்று விசாரித்துக்கொண்டிருப்பார்.

எண்பதுகளின் கடைசியில், கிராமங்களுக்கு போர்வெல் போட்டுக் கொடுக்கும் ஒரு தொண்டு நிறுவனத்தின் கடத்தூர் கிளையில் நான் டைப்பிஸ்ட். ஆபீசுக்குப் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. சேலத்துக்குப் போய் மூன்று நாள் பயிற்சி எடுத்தவர் என்ற ஒரே பாவத்துக்காக அதை சார் தலையில் கட்டினார்கள்.

புது நோட்டுக்குக் கோடு போடுகிற மாதிரி, விவரங்களைப் பதிந்து வைக்கிற புது ஃபிளாப்பித் தட்டை ஃபார்மட் செய்தால்தான் அதில் எழுத முடியும். எங்கள் மெஷினில் இரண்டு விதமாகச் செய்யலாம். பெரிசு என்றால் நிறையக் கொள்ளும். சிறிசு என்றால் கொஞ்சம்தான். ஆனால் தர்மபுரி தலைமை அலுவலகத்துப் பழைய மெஷின் சிறிசை மட்டும்தான் படிக்கும் என்பது சாரின் கட்சி.

கட்டளை அடித்ததும், ‘தயாரானால் என்டரைத் தட்டவும்’ என்று திரையில் வரும். சார் தயாராகவே மாட்டார். செருப்பைக் கழற்றுவார், கையைத் துடைப்பார், விரலைக் கொண்டுபோய் இழுத்துக்கொள்வார்.

“ஏம்மா, நான் போட்டது பெரிசா சிறிசா?”

“சிறிசுதான் சார்.”

“நல்லாத் தெரியுமா?”

உடனே எழுந்து முகம் கழுவப் போய்விடுவார். டீக்கடையில் கிளாசை நீட்டினால்கூட “பெரிசா சிறிசா?” என்று கேட்காமல் வாங்க மாட்டார். பேர் அப்படி வந்ததுதான்.

அந்தக் கோடையில் போர்வெல் போடும் வண்டி தர்மபுரிக்கு வந்தது. எந்த ஊரில் எவ்வளவு தண்ணீர்க் கஷ்டம் என்று நாங்கள் எடுத்த சர்வேயை அங்கே கம்ப்யூட்டரில் ஏற்றி, அன்று சாயங்காலத்துக்குள் எந்த ஊருக்கு முதலில் என்று முடிவு செய்வார்கள். நாங்கள் தவறவிட்டால் வண்டி பென்னாகரம் பக்கம் போய்விடும், அடுத்த கோடைக்குத்தான் இந்தப் பக்கம் வரும். பட்டியலில் பாப்பிரெட்டிப்பட்டி தாண்டி மலையடியில் இருந்த என் ஊரும் இருந்தது. அங்கே என் அக்கா, ஏழு மாத வயிற்றோடு இரண்டு மைல் நடந்து தண்ணீர் சுமந்துகொண்டிருந்தாள்.

பன்னிரண்டு மணிக்கு பஸ். பதினொன்றரைக்கு சார் இன்னும் முதல் என்டரிலேயே நின்றுகொண்டிருந்தார். சிறிசில் போட்டால் மூன்று ஃபிளாப்பி வேண்டும், பெரிசில் போட்டால் ஒன்றே போதும். மனுஷன் மறுபடி முகம் கழுவப் போனார். எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. ‘அவ்வளவு பெரிய ஆபீஸ், படிக்காமலா போய்விடும்? இவர் பயந்தாங்கொள்ளி’ என்று பெரிசாகவே தட்டி, எல்லாவற்றையும் ஒன்றிலேயே ஏற்றிவிட்டேன்.

“சிறிசுதானேம்மா?” என்றார் திரும்பி வந்து.

“ஆமாங்க சார்” என்று வாய் கூசாமல் சொல்லி, கணக்குக்கு இரண்டு வெற்று ஃபிளாப்பிகளையும் சேர்த்துக் கொடுத்தேன்.

சார் மூன்றையும் வேட்டி வாங்கிய அட்டைப்பெட்டிக்குள் வைத்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினார். நானும் கூடவே ஏறினேன். அவர் உட்காரவில்லை.

“சீட்டுதான் காலியா இருக்குதில்லீங்க, உக்காருங்க” என்றார் கண்டக்டர்.

“மேல ஸ்பீக்கர் இருக்குதுங்க. அதுல காந்தம் இருக்குமுங்க. உள்ள எழுதுனதெல்லாம் அழிஞ்சு போயிருமுங்க.”

கண்டக்டர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பாட்டு அலறிய அந்த பஸ்ஸில் ஸ்பீக்கர் இல்லாத இடம் தேடி, படிக்கட்டுப் பக்கம் ஒற்றைக் காலில் நின்றே தர்மபுரி வந்து சேர்ந்தார்.

தலைமை அலுவலக மேலாளர் முதல் ஃபிளாப்பியைச் செருகினார். மெஷின் கர்ர் கர்ர் என்று இருமியது. படிக்க முடியவில்லை என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டது. மறுபடி போட்டார், மறுபடி அதே. அக்காவின் குடமும் வயிறும்தான் என் கண் முன்னால் வந்து நின்றன. அவள் தண்ணீரை நானே தட்டிவிட்டேனே!

“என்னாங்க சார் கொண்டாந்திருக்கீங்க?” என்று மேலாளர் எரிந்து விழுந்தார்.

சார் என்னை ஒரு பார்வை பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

“பஸ்ல ஸ்பீக்கருக்குக் கீழ உக்காந்துட்டனுங்க. என் தப்புதானுங்க” என்றார்.

சொல்லிவிட்டு, பெட்டியின் அடி அட்டையைத் தூக்கினார். கீழே பழைய பேப்பரில் சுற்றிய மூன்று ஃபிளாப்பிகள். மூன்றும் சிறிசு!

“இதெப்ப சார் போட்டீங்க?” என்றேன்.

“நேத்து, எல்லாரும் சாப்பிடப் போனப்ப. கண்ணை மூடிக்கிட்டு தட்டி, சர்வேயையும் ஏத்திட்டேன். சரியா வந்துச்சான்னு சந்தேகம், அதான் இன்னைக்கு மறுபடி போடலாம்னு...”

“என்னை நம்பலையா சார்?”

“என்னையே நான் நம்பறதில்லம்மா. உங்களை மட்டும் எப்படி நம்பறது?”

மூன்றையும் மெஷின் படித்து முடிக்கும்வரை அவர் உள்ளே வரவில்லை. வராந்தாவில் காதைப் பொத்திக்கொண்டு நின்றார்.

எங்கள் ஊருக்கு வண்டி வந்தது. இருநூறு அடியில் தண்ணீர் பீறிட்டபோது, பூமி உள்வாங்கிவிடுமோ என்று தூரமாய் நின்றுகொண்டிருந்தார் சார். நான் வீட்டுக்கு ஓடி இரண்டு சொம்புகள் எடுத்து, அந்தத் தண்ணீரை நிரப்பி அவர் முன்னால் நீட்டினேன்.

“பெரிசா சிறிசா சார்?”

“பெரிசே குடும்மா” என்றார், ஒரு நொடிகூட யோசிக்காமல்.

அண்ணாந்து முழுச் சொம்பையும் குடித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.