கோப்பிக்கடை மார்க்கும் வீட்டு மார்க்கும்

அந்தத் தீபாவளியன்று பத்துமலை ஒரு சபதம் செய்தார். இனி ஆயுசுக்கும் கருப்பம்மாவோடு சினிமாவுக்குப் போவதில்லை.

காரணம் இருந்தது. படத்தில் மாமியார்க்காரி பாலில் விஷத்தைக் கலந்து கதாநாயகியிடம் நீட்டுகிறாள். தியேட்டரே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. "குடிக்காத தாயீ! அவ எதையோ கலக்குனா, நான் பாத்தேன்!" என்று கருப்பம்மா எழுந்து நின்று கத்திவிட்டாள். ஈப்போ டவுனே சிரித்தது. கதாநாயகி மட்டும் காதில் வாங்காமல் குடித்துவிட்டாள். அதற்கும் கருப்பம்மா புருஷனைத்தான் முறைத்தாள்.

"நீங்களும் சேந்து ஒரு சத்தம் போட்டிருந்தா அந்தப் புள்ள பொழச்சிருக்கும்."

சபதம் செய்தாயிற்று. அதை வீட்டில் சொல்ல வேண்டுமே? பலகைக் கம்பெனியில் மலை மாதிரி மரத்தைப் புரட்டிப் போடுகிற மனுஷன்தான். ஆனால் புந்தோங்கில் தன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவருக்குக் குரலும் சேர்ந்து கழன்றுவிடும். அதனால் சுற்றி வளைத்து ஒரு வழி கண்டுபிடித்தார்.

"இந்தா பாரு. இப்ப வர்ற படமெல்லாம் குடும்பத்தோட பாக்குற மாதிரி இல்ல. மொதல்ல நான் போயி பாத்துட்டு வந்து மார்க் போடுறேன். அம்பதுக்கு மேல வந்தா எல்லாரும் போலாம்."

"நூத்துக்கா?"

"நூத்துக்குத்தான்."

"சரி, போயிட்டு வாங்க" என்றாள் கருப்பம்மா. அவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சரி என்றதில்லை. சந்தேகப்பட வேண்டிய நேரம் அதுதான். பத்துமலை அப்போது சந்தேகப்படவில்லை.

அன்றிலிருந்து வந்த படமெல்லாம் ஃபெயில். அவர் பேரில் பத்தும் உண்டு, மலையும் உண்டு. மார்க் போடும்போது மட்டும் மலை வராது. இதற்கு இருபது, அதற்குப் பதினெட்டு. "பாட்டு சரியில்ல." "சண்ட ஜாஸ்தி." "அந்தப் பொண்ணுக்கு அழவே தெரியல." வீடியோ டேப் இன்னும் புந்தோங் பக்கம் எட்டிப் பார்க்காத காலம். படம் பார்க்கத் தியேட்டரை விட்டால் வேறு கதியில்லை.

இது வீட்டு மார்க். கூட்டாளி சீனியின் கோப்பிக் கடையில் போடுவது வேறு மார்க். அங்கே பத்துமலை பால் விடாத கோப்பி ஓவை ஆற்றிக்கொண்டே எண்பது, தொண்ணூறு என்று வாரி வழங்குவார். அவர் சொன்னால் பாதிக் கடை அந்தச் சனிக்கிழமையே தியேட்டரில் நிற்கும்.

இப்படியாக ஒரு வருஷம் நன்றாகத்தான் போனது. அப்புறம் அந்த டாக்டர் படம் வந்தது. கண் தெரியாத தங்கையை வளர்த்து ஆளாக்கும் ஒரு டாக்டரின் கதை. பத்துமலை தியேட்டரில் துண்டு நனைய அழுதார். கோப்பிக் கடையில் தொண்ணூறு கொடுத்தார். வீட்டுக்கு வந்து முப்பத்தைந்து கொடுத்தார்.

மறுநாள் சாயங்காலம் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு முத்தம்மா வேலிக்கு மேலே தலையை நீட்டினாள்.

"அண்ணே, டாக்டர் படம் எப்படி?"

"முப்பத்தஞ்சுதான்."

"அய்யோ, அக்கா தொண்ணூறு குடுத்தாங்களே!"

"எந்த அக்கா?"

முத்தம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "எங்கக்கா. சிலிபின்ல இருக்காங்க."

முத்தம்மாவுக்குச் சிலிபினில் ஓர் அக்கா இருப்பது பத்துமலைக்கு அன்றுதான் தெரியும்.

அன்றிரவு சோறு போடும்போது கருப்பம்மா தன்பாட்டுக்குச் சொன்னாள். "என்ன இருந்தாலும் அந்த டாக்டருக்குத் தாடி எடுப்பா இல்ல."

பத்துமலையின் கை ரசத்திலேயே நின்றது. தாடியைப் பற்றி அவர் வீட்டில் மூச்சே விடவில்லையே!

"அவருக்குத் தாடி இருக்குன்னு ஒனக்கு யாரு சொன்னா?"

"தங்கச்சி காணாமப் போயிட்டான்னு நீங்கதான சொன்னீங்க? தங்கச்சியத் தொலைச்சவன் ரெண்டாவது பாதியில தாடி வைக்காம, ஷேவிங் பண்ணிக்கிட்டா திரிவான்?"

நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் பத்துமலை மோருக்குக் காத்திராமல் எழுந்து கை கழுவினார்.

மறுநாள் அவள் காய்கறி வாங்கப் போகும் பாசார் கூடைக்குள் கச்சாங் பூத்தே கடலை சுற்றிய காகிதக் கூம்பு ஒன்று கிடந்தது. தியேட்டர் வாசலில் விற்பது அதே கூம்புதான். எடுத்து மோந்து பார்த்தார். கடலை வாசம். ஆனால் புந்தோங்கில் கச்சாங் பூத்தே இல்லாத வீடு ஏது? தெருவுக்குத் தெரு அதைத்தான் வறுத்துக்கொண்டிருக்கிறார்கள். சாட்சி வலுவில்லை.

ஆனாலும் மனம் அரித்தது. பிள்ளைகளுக்கு மத்தியானப் பள்ளிக்கூடம். அவருக்குப் பகல் வேலை. நடுவில் வீடு காலி. போகிறாள், சரி. யாரோடு போகிறாள்?

சீனியிடம் போய் மனப் பாரத்தை இறக்கி வைத்தார். சீனி கல்லாவை மூடிவிட்டுக் கிட்டே வந்தார்.

"வீட்டுல பவுடர் போடுறாங்களா?"

"போடுறா."

"பூ வைக்கிறாங்களா?"

"வைக்கிறா."

"எப்பலேர்ந்து?"

"கல்யாணத்துலேர்ந்து."

சீனி தலையை ஆட்டினார். "அப்ப ரொம்ப நாளா நடக்குதுலா மச்சான்."

கையும் களவுமாகப் பிடித்தே தீருவது என்று பத்துமலை முடிவெடுத்தார். வேலை நாளில் புதன்கிழமை மட்டும்தான் மத்தியானக் காட்சி. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பேச்சோடு பேச்சாகக் கேட்டார்.

"நாளைக்கு மத்தியானம் வீட்டுலதான இருப்ப?"

"ஆமா."

கொஞ்ச நேரம் கழித்து, "மத்தியானம் எங்கயும் போவலையே?"

"இல்ல."

படுக்கப் போகுமுன், "சும்மாத்தான் கேக்குறேன். நாளைக்கு..."

"வீட்டுலதான் இருப்பேன்" என்றாள் கருப்பம்மா. முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

புதன்கிழமை பல்வலி என்று டாக்டரிடம் எம்சி லீவுச் சீட்டு வாங்கிக் கம்பெனியில் கொடுத்தார். கன்னத்தைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டார். பல்வலிக்கும் ஆயிற்று, மாறுவேஷத்துக்கும் ஆயிற்று. தியேட்டரில் கடைசி வரிசை மூலையில் உட்கார்ந்து, உள்ளே வரும் ஒவ்வொரு பொம்பளையையும் முறைத்தார். ஒரு சீனக் கிழவி பயந்துபோய் வேறு வரிசைக்கு மாறினாள். கருப்பம்மா வரவில்லை.

விளக்கு அணைந்தது. படம் ஓடியது. கண் தெரியாத தங்கை அண்ணன் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். பத்துமலை வந்த வேலையை மறந்தார். துண்டுக்குள் தேம்பித் தேம்பி அழுதார். இடைவேளைக்கு விளக்குப் போட்டபோது எதிரே முத்தம்மா நின்றாள், கையில் கச்சாங் பூத்தேயோடு.

"பத்துமலை அண்ணேதான? அழுவுறீங்களா?"

"பல்லு வலி."

"பல்லு வலிக்கு இந்த டாக்டரையா பாக்க வந்தீங்க?"

"நீ... நீ யாரோட வந்த?"

"தனியாத்தாண்ணே. எப்பவும் கூட வர்ற ஆளு இன்னிக்கு வரலன்னுட்டாங்க."

அந்த ஆள் யாரென்று கேட்கப் பத்துமலைக்குத் தோன்றவில்லை. கருப்பம்மா இங்கே இல்லை. அது போதும். நெஞ்சிலிருந்து ஒரு மரக்கட்டையே இறங்கியது. மீதிப் படத்தை நிம்மதியாக அழுது முடித்தார். சீனி கடையில் நேரத்தைப் போக்கி, வேலை விடும் நேரத்துக்குச் சரியாக வீடு சேர்ந்தார்.

கருப்பம்மா முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"பல்லு எப்படி இருக்கு?"

"எந்தப் பல்லு?"

"எம்சி எடுத்த பல்லு. ஒங்கள வேல வாங்குற மண்டோர் வந்தாரு, பாத்துட்டுப் போலாம்னு. நல்ல மனுஷன், ஆரஞ்சுப் பழமெல்லாம் வாங்கிட்டு வந்தாரு."

பத்துமலை அவசரமாகக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

"முத்தம்மாவும் வந்தா. முப்பத்தஞ்சு மார்க் படத்த ரெண்டாந்தடவ பாத்து அழுதீங்களாமே. யாரு கூட?"

"தனியாத்தான்லா!"

"புடிக்காத படத்த, வேலைக்குப் பொய் சொல்லிட்டு, தனியா போயி ரெண்டாந்தடவ பாத்து ஒரு மனுஷன் அழுவான்னா, அவன தஞ்சோங் ரம்புத்தான் ஆஸ்பத்திரியிலதான் சேக்கணும். ஒங்களுக்குப் புத்தி நல்லாத்தான இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

"அப்ப யாரோ கூட இருந்திருக்கணும். பவுடர் வேற போட்டிருக்கீங்க."

"அது நான் எப்பவும் போடுறதுதான!"

"எப்பலேர்ந்து?"

ஒன்னைப் புடிக்கத்தான் போனேன் என்று சொன்னால் இனி இந்த வீட்டில் கஞ்சி கிடைக்காது. மிச்சம் இருந்தது ஒரே வழி.

"படம்... நல்ல படம் கருப்பம்மா. அதான் மறுபடியும் போனேன்."

"எவ்வளவு?"

"தொண்ணூறு."

"அதுக்கு முந்தி வந்த போலீஸ்காரன் படம்?"

"எம்பது."

"இந்த வருஷத் தீபாவளிப் படம்?"

"அது எம்பத்தஞ்சு" என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

கருப்பம்மா கீரைத் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். "சனிக்கிழமை போறோம். இனிமே வர்ற எல்லாப் படத்துக்கும் போறோம். மார்க்க நான் போட்டுக்குறேன்."

இவ்வளவோடு விட்டாளே என்று பத்துமலைக்கு உள்ளுக்குள் ஆறுதல்தான். பாவம், வீட்டிலேயே கிடந்தவளைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று மனம்கூட இளகியது. சனிக்கிழமை பிள்ளைகளை முத்தம்மாவிடம் விட்டுவிட்டு, கருப்பம்மாவைக் கையோடு கூட்டிப் போனார். "பாத்து வா. உள்ள இருட்டா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே நுழைந்து, முதல் படியிலேயே தடுக்கினார். கருப்பம்மா தடுக்கவில்லை. மளமளவென்று நடந்துபோனாள்.

டார்ச் லைட்டோடு நின்ற தியேட்டர் ஆள் அவள் முகத்தில் வெளிச்சத்தை அடித்தான். பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"வாங்கக்கா! புதன்கிழமை ஏன் வரல? ஒங்க சீட்ட யாருக்கும் குடுக்காம வச்சிருந்தேன்லா."

பிறகு வெளிச்சத்தைப் பத்துமலை பக்கம் திருப்பினான். தலையிலிருந்து கால்வரை ஒரு தரம் இறக்கினான். குரலைத் தாழ்த்திக்கொண்டு கருப்பம்மாவிடம் கேட்டான்:

"ஆமாக்கா, இந்த ஆளு யாரு? வீட்டுக்குத் தெரியுமா?"