எண்ணூர் சாலையில் கால் கழுவிய கதை

பிரசங்கம் கேட்டுவிட்டு நேரே வீட்டுக்குப் போய், சாப்பிட்டு, மின்விசிறிக்குக் கீழே படுத்துத் தூங்கிவிடுகிற விசுவாசிகள் மேல் எனக்கு இப்போது பெரிய மரியாதை உண்டு. அவர்களால் இந்த உலகத்தில் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை. கேட்டதை அந்த வாரமே செய்து காட்டிவிட வேண்டும் என்று கிளம்புகிறான் பாருங்கள், அவனால்தான் தொல்லை. அப்படிக் கிளம்பியவன் நான்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. திருவொற்றியூரில் ஒரு ஹார்டுவேர் கடை மாடியில், தகரக் கூரை போட்ட எங்கள் சபையில் வாலிபர் கூட்டத்துக்கு நான்தான் செயலாளர். (கூட்டம் என்றால் ஏழு பேர். அதில் இரண்டு பேர் கிட்டார் கற்றுக்கொள்ள வந்தவர்கள்.) ஒவ்வொரு பெரிய வியாழனும் இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவியதை நினைவுகூர்ந்து, எங்கள் பாஸ்டர் சபை மூப்பர்கள் பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவுவார். மூப்பர்கள் வீட்டிலேயே நன்றாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டு, நகம் வெட்டிக்கொண்டு வருவார்கள். ஒருவர் காலுக்குப் பவுடரே போட்டுக்கொண்டு வருவார்.

அந்த வருஷம் குருத்தோலை ஞாயிறன்று பாஸ்டர் என்ன நினைத்தாரோ, "உள்ள கழுவுனா அது சடங்கு. வெளிய போய் யாருக்குக் குனியறோம்? அதான் ஊழியம்" என்று சொல்லிவிட்டார். சபையில் இருந்த மற்ற எல்லோரும் தலையாட்டிவிட்டு மட்டன் வாங்கப் போய்விட்டார்கள். எனக்கு மட்டும் அன்று ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை.

யோசித்து யோசித்து எண்ணூர் நெடுஞ்சாலையைக் கண்டுபிடித்தேன். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. எர்ணாவூரில் ஆரம்பித்து துறைமுக வாசல் வரைக்கும் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். ஒரு நாள் நிற்கும், சில சமயம் இரண்டு நாள் நிற்கும். டிரைவர்கள் வண்டிக்கு அடியிலேயே சமைத்து, சாப்பிட்டு, தூங்குவார்கள். இவர்களை விடப் பாரம் சுமப்பவர்கள் யார், இவர்கள் காலை விட அழுக்கான கால் வேறு எங்கே கிடைக்கும் என்று எனக்குப் புல்லரித்துப் போனது.

வியாழன் காலை எட்டு மணிக்கு நானும் கிட்டார் கற்க வந்த ஸ்டீபனும் பைக்கில் கிளம்பினோம். இரண்டு கேன் தண்ணீர், சந்தன சோப்பு, துண்டு. பேசின் மட்டும் எங்கள் வீட்டுக் குழாயடியில் கவிழ்த்து வைத்திருந்ததை எடுத்துக்கொண்டேன். ரோஸ் நிறம், விளிம்பில் ஒரு வெடிப்பு. அது தினமும் ஏன் அங்கே இருக்கிறது என்று நான் யோசிக்கவில்லை. எந்தச் சாமான் எதற்கு என்று யோசித்து அந்த வீட்டில் நான் வளரவே இல்லை.

முதல் டிரைவர், "எந்தக் கட்சி?" என்றார். கட்சி இல்லை என்றதும் கண்ணாடியை ஏற்றிவிட்டார். இரண்டாமவர், "இப்ப சும்மாதான் கழுவுவீங்க, அப்புறம் போன் பண்ணி உயிர வாங்குவீங்க" என்றார். மூன்றாவதாக மாட்டியவர்தான் ஏழுமலை அண்ணன், செஞ்சிக்குப் பக்கத்து ஊர்க்காரர்.

அவரும் வேண்டாம் என்றுதான் சொன்னார். நான் விட்டால்தானே.

"கூச்சமா இருக்குது தம்பி. அதுவும் இல்லாம, நாளைக்குக் காலைல என் பொண்ணுக்கு காது குத்து. போன மாசமே வச்சது, இதே லைன்ல மாட்டிக்கிட்டு என்னால போக முடியல, தள்ளி வச்சாங்க. இந்தத் தடவையும் வரலன்னா வூட்டுப் பக்கமே வராதன்னுட்டா என் சம்சாரம். மதியத்துக்குள்ள உள்ள போயி இறக்குனாத்தான் சாயங்காலம் பஸ்ஸப் புடிக்க முடியும்."

"அஞ்சே நிமிஷம்ணே. லைன் நகர்ற மாதிரியே இல்லையே."

அவர் எட்டிப் பார்த்தார். முன்னால் எல்லா வண்டியும் இன்ஜினை அணைத்துவிட்டு நின்றன. என் முகத்தைப் பார்த்தார். இவன் அழுதுவிடுவான் என்று பயந்துதான் செருப்பைக் கழற்றினார் என்று இப்போது புரிகிறது.

கேபின் படியில் உட்கார வைத்து, இரண்டு காலையும் பேசினில் இறக்கினேன். ஸ்டீபன் போட்டோ எடுத்து உடனே சபை வாட்ஸ்அப் குழுவில் போட்டான். (வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக் கூடாது என்பார்கள். எங்களுக்கு இடது கைக்கும் தெரிந்து, நூற்று சொச்சம் பேருக்கும் தெரிய வேண்டியிருந்தது.) முழங்கால் வரைக்கும் சோப்பு போட்டேன். கழுவி விட்டுவிட்டு எழுந்திருக்கலாம். எழுந்திருக்காமல், கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்தேன்.

சுருக்கமாக ஜெபிக்க எனக்கு அப்போதெல்லாம் தெரியாது. அவருக்காக, அவர் குடும்பத்துக்காக, காது குத்தப்போகும் பிள்ளைக்காக, வண்டிக்காக, பதினெட்டு டயருக்காக, துறைமுகத்துக்காக, அதன் அதிகாரிகளுக்காக என்று போய்க்கொண்டிருந்தேன். நடுவில் ஏழுமலை அண்ணன், "தம்பி... தம்பி..." என்றார். உருகுகிறார் என்று நினைத்து, காலை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "தம்பி, உடு தம்பி" என்று குரல் தழுதழுத்தது. ஒரு ஆத்துமா அசைகிறது என்று நானும் குரலை உயர்த்தினேன்.

அசைந்தது ஆத்துமா இல்லை, லைன்.

ஒரே உதறாக உதறிவிட்டு அவர் மேலே ஏறினார். கால் முழுக்க சோப்பு. கிளட்ச்சில் வைத்த கால் வழுக்கிக்கொண்டு போய், இன்ஜின் அணைந்தது. மறுபடி எடுத்தார், மறுபடி வழுக்கியது. அந்தச் சாலையில் ஒரு வண்டி நீளத்துக்கு இடம் விட்டால் என்ன நடக்கும் என்று கேட்கவே வேண்டாம். பின்னால் இருந்த டிரெய்லர் ஒடித்துக்கொண்டு முன்னால் போனது. அதன் பின்னால் இன்னொன்று, இன்னொன்று. போக்குவரத்துக் காவலர் ஓடி வந்தார். "வழிய மறிச்சிகினு இன்னாயா பண்ற? ஓரம் கட்டு, கடைசில போயி நில்லு."

ஓரம் கட்டும்போது பின்சக்கரம் என் பேசின் மேல் ஏறி இறங்கியது.

ஏழுமலை அண்ணன் கீழே இறங்கி, அதே படியில் உட்கார்ந்தார். காலில் சோப்பு நுரை காய்ந்துகொண்டிருந்தது. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். "என் சம்சாரத்துக்கு நான் இன்னான்னு சொல்றது? ஒருத்தன் வந்து காலக் கழுவுனான், அதான் வரலன்னா? நம்புவாளா தம்பி?" என்று என்னையே கேட்டார்.

ஸ்டீபனை அவரிடம் விட்டுவிட்டு ஓடினேன். முந்திப் போன வண்டி ஒவ்வொன்றின் கதவையும் தட்டி, அவரை நடுவில் விடச் சொல்லிக் கெஞ்சினேன். ஐந்து பேர் முடியாது என்றார்கள். ஆறாவது டிரைவர் மட்டும், "எதுக்கு லைன உட்டான்?" என்று கேட்டார். சொன்னேன். சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது. பக்கத்து வண்டிக்காரரைக் கூப்பிட்டு, "தம்பி, முதல்லேர்ந்து சொல்லு, இவரு கேக்கல" என்றார். அந்தக் கதையை நான் நான்கு முறை சொன்னேன். துறைமுகத்துக்காக ஜெபித்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

மூன்றாவது தடவை சொல்லிக்கொண்டிருக்கும்போது அம்மா போன்.

"பேசின் எங்கடா?"

"ஊழியத்துல இருக்கேம்மா, அப்புறம்..."

"குரூப்புல போட்டோ பாத்தேன். எவன் காலோ என் பேசின்ல கீது. இங்க நைனா கட்டப் பிரிச்சிட்டு ஒரு மணி நேரமா காலத் தூக்கிகினு உக்காந்துகினு கீறாரு. நான் வேலைக்குப் போவணும். இன்னாடா பண்ணிகினு கீற நீ?"

நைனா என் அப்பா. அவருக்குச் சர்க்கரை. காலில் மூன்று மாதமாக ஆறாத புண். தினமும் காலையில் அம்மா வெந்நீரில் கழுவி, மருந்து வைத்துக் கட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போவாள். அதற்குத்தான் அந்த பேசின். கட்டைப் பிரிக்கும் நேரம் பார்த்து நான் மூக்கைப் பொத்திக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவேன், வேதம் வாசிக்க. அந்த வெயிலில், பத்து டிரைவர்கள் சுற்றி நின்று சிரிக்க, எனக்கு வெட்கமாக இருந்தது. அவர்கள் சிரித்ததற்காக இல்லை.

கடைசியில் ஆறாவது வண்டிக்காரர் தன் வண்டியை நிறுத்தி இடம் விட்டார். ஏழுமலை அண்ணன் காலை நன்றாகத் துடைத்துக்கொண்டு ஏறினார். பதினொன்றே முக்காலுக்கு வாசலுக்குள் போய்விட்டார். கேட்டுக்குப் பக்கத்தில் நான் வணக்கம் வைத்தபோது, "நீ அங்கயே நில்லு தம்பி, எதையும் தொடாத" என்றார்.

நசுங்கிய பேசினோடு வீட்டுக்குப் போனேன். அம்மா அரை நாள் லீவு போட்டுவிட்டு, குழம்புச் சட்டியை வைத்துக் கழுவி முடித்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கத்தவில்லை. "மூணு கிலோமீட்டரு போயி ஊரான் காலக் கழுவுன. இங்க பத்தடில ஒரு காலு கீது. நாளைலேர்ந்து நீ பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனாள். மறுநாள் புனித வெள்ளி. புது நீல பேசினில் தண்ணீர் சூடு அதிகமாகி, நைனா போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. போட்டோ எடுக்க யாரும் இல்லை. ஸ்டீபன் என் நம்பரை ஏழுமலை அண்ணனிடம் கொடுத்திருந்தான் போல, மதியம் செஞ்சியிலிருந்து ஒரு போட்டோ வந்தது. ஒரு குட்டிப் பெண் வாயைப் பிளந்து அழுதுகொண்டிருந்தாள், பக்கத்தில் பட்டு வேட்டியில் ஏழுமலை அண்ணன்.

இன்றும் பெரிய வியாழனுக்கு முந்தின நாள் அவர் தவறாமல் போன் செய்வார். "இந்த வருஷம் எந்த ரோட்டுல கழுவப் போறீங்க தம்பி? நான் வேற ரோட்டுல போயிடறேன்." எங்கள் பாஸ்டர் பிரசங்கத்தை முடிக்கும்போது என் பக்கம் திரும்பி, "பிரதர், இத கேட்டுக்கிட்டா மட்டும் போதும்" என்கிறார்.

நைனாவின் புண் அந்த மழைக்காலத்திலேயே ஆறிவிட்டது. ஆனாலும் தினமும் கழுவிப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருப்பதால் வேலை என்னிடமே இருக்கிறது. எனக்குக் கல்யாணமாகி, பிள்ளை பிறந்து, அவனும் பள்ளிக்கூடம் போகிறான். ஆபீசுக்குக் கிளம்புகிற அவசரத்தில் தினமும் காலை ஏழு மணிக்கு நான் பேசினுக்கு முன்னால் உட்கார்ந்தால், நைனா காலை உள்ளே வைப்பதற்கு முன் ஜன்னல் வழியாகத் தெருவை ஒரு பார்வை பார்ப்பார்.

"லைன் நவுந்தா சொல்லுடா," என்பார். "நான் எறங்கணும்."