ஃபில்டருக்கு யார் பாதுகாப்பு?

என் கேமரா லென்ஸின் மேல் ஒரு தூசிகூட விழ விடமாட்டேன் என்று, அதை வாங்கிய அன்றைக்கே சபதம் எடுத்துவிட்டேன். டப்பாவைத் திறந்ததும் மூச்சை அடக்கிக்கொண்டு, லென்ஸின் முகத்தில் ஒரு ஃபில்டரைத் திருகினேன். அதாவது கண்ணாடிக்கு முன்னால் இன்னொரு கண்ணாடி. வருகிற அடி, விழுகிற கீறல் எல்லாவற்றையும் அது வாங்கிக்கொள்ளும். குடும்பத்தில் கணவன் பார்க்கிற உத்தியோகம்தான்.

எங்கள் வீட்டில் ரிமோட்டுக்கு உறை உண்டு. சோபாவுக்கு உறை உண்டு. சோபா உறைக்கு மேல் ஒரு துணியும் உண்டு.

"சோபா என்ன கலர்னு எனக்கே மறந்துபோச்சுங்க" என்பாள் மனைவி. நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அவள் காகிதத்தில் விளக்குக் கூடு செய்கிறவள். சாப்பாட்டு மேசை முழுக்க மூங்கில் குச்சி, பசை, கத்தரிக்கோல். நாங்கள் தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிடுவோம். இதுவரை தெரிந்தவர்களுக்கு மட்டுமே செய்து கொடுத்துக்கொண்டிருந்தாள். அன்று காலை ஒரு ஹோட்டலிலிருந்து போன்.

"விளக்கு எரியுற மாதிரி போட்டோ அனுப்புங்க. இன்னிக்கே முதலாளிகிட்ட காட்டணும்" என்றார் அந்த ஹோட்டல் அம்மா.

போனை வைத்ததும் மனைவி மேசையிலிருந்த விளக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள்.

"கவலைப்படாதே. போட்டோ என் பொறுப்பு" என்றேன்.

"அதாங்க கவலையா இருக்கு."

ஜன்னல் திரையை இழுத்து மூடி, ஒரு விளக்கை ஏற்றி வைத்தாள். நான் எடுத்தேன். கேமராவின் பின்பக்கத் திரையில் இருவரும் பார்த்தோம். விளக்கு அழகாக எரிந்தது. அதன் பக்கத்தில், அந்தரத்தில், தலைகீழாக, பச்சை நிறத்தில் ஒரு குட்டி விளக்கும் எரிந்தது.

"இது என்னங்க?"

"விளக்கு."

"நான் செஞ்சது ஒண்ணுதானே. இது யாரு செஞ்சது?"

இடம் மாறி நின்று எடுத்தேன். குட்டியும் இடம் மாறியது. மண்டியிட்டு எடுத்தேன். அதுவும் கூடவே மண்டியிட்டது.

"அந்த முன்கண்ணாடியைக் கழட்டுங்க. வெளிச்சம் அதுல பட்டுத் திரும்பி உள்ளே விழுது."

"கழட்டுறதா? அப்புறம் லென்ஸுக்கு யார் பாதுகாப்பு?"

"மணல்ல, மழைச் சாரல்ல எடுக்கும்போது மாட்டிக்கோங்க, நான் வேண்டாங்கல. இங்கே நம்ம கூடத்துல அதை யாரு அடிக்கப்போறா?"

"உன் பசை தெறிக்கும்."

"தெறிச்சா நல்லதுதானே? கேமரா கையோட ஒட்டிக்கும், கீழே விழாது."

ஒளியைப் பற்றி அவளுக்கு நீண்ட விளக்கம் கொடுத்தேன். அவளுக்கு வேண்டியது விளக்கம் இல்லை, விளக்கு.

சத்தம் கேட்டு எதிர்வீட்டுப் பல் டாக்டர் எட்டிப் பார்த்தார். சாட்சி கிடைத்துவிட்டது என்று பிடித்துக்கொண்டேன்.

"டாக்டர், நீங்களே சொல்லுங்க. மாஸ்க் போட்டுக்கிட்டுத்தானே பல் பார்க்கிறீங்க?"

"ஆமா."

"கேட்டுக்கோ!" என்றேன் மனைவியிடம்.

"ஆனா பல்லைக் காட்டுறவருக்கு மாஸ்க் போட்டா ஒண்ணும் தெரியாதே சார்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். வலியில்லாமல் பிடுங்குவார் என்று அவருக்குப் பெயர். எனக்கு வலித்தது.

மத்தியானம் தாண்டியது. படத்துக்குப் படம் குட்டி விளக்குதான். அவள் மேசையோரம் உட்கார்ந்து விரலில் காய்ந்த பசையை உரித்துக்கொண்டிருந்தாள்.

"இந்த ஹோட்டல் ஆர்டர் கிடைக்கலன்னா இதையெல்லாம் மூட்டை கட்டிடலாம்னு இருக்கேங்க" என்றாள் மெதுவாக.

கழற்றிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் சபதம்? எழுந்து தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்தபோது அவள் கேமராவையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். குரலில் தேன். கல்யாணமானவர்கள் உஷாராக வேண்டிய இடம் இது. நான் ஆகவில்லை.

"நீங்க சொன்னதுதாங்க சரி. லென்ஸை இந்தக் கண்ணாடிதான் காப்பாத்துது."

"இப்பவாவது புரிஞ்சுதே!"

"அப்போ கீறல், பசை எல்லாம் இது மேலதான் விழும்?"

"ஆமா."

"ஐயோ பாவம். எவ்வளவு பளபளன்னு இருக்கு! இதுல கீறல் விழுந்தா?"

திடுக்கிட்டேன். இத்தனை உறை போட்டவன், இந்த அப்பாவியை நடுத்தெருவில் நிறுத்தியிருக்கிறேனே!

"அதோ, ஓரத்துல விரல் ரேகை மாதிரி தெரியுது."

"எங்கே, எங்கே?"

"என் தோடு வைக்கிற வெல்வெட் டப்பா சும்மாதான் கிடக்கு. அதுல வச்சா தூசி அண்டாது. வேண்டாம்னா விடுங்க."

விடுவேனா? ஃபில்டரைக் கழற்றினேன். துடைத்தேன். வெல்வெட்டில் படுக்க வைத்து மூடினேன்.

"இனிமே பத்திரம்" என்றாள்.

"பத்திரம்" என்றேன், நெஞ்சு நிமிர்த்தி.

"சும்மாதானே நிக்கிறீங்க, ரெண்டு படம் எடுங்களேன்."

எடுத்தேன். ஒரே ஒரு விளக்கு. காகிதத்தின் நரம்புகூடத் தெரிந்தது. அவள் நகத்தால் நீவிய மடிப்பு ஒவ்வொன்றும் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. தினமும் என் பக்கத்தில் உட்கார்ந்து இவள் இதையா செய்துகொண்டிருந்தாள்? மீதி விளக்குகளையும் ஒவ்வொன்றாக எடுத்து முடித்தேன்.

அனுப்பிக் கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. "முதலாளிக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. எல்லா ரூமுக்கும் உங்க விளக்குதான்!"

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். என் கண்ணிலும் ஈரம். பசை வாடை என்று சமாளித்தேன்.

அப்போதுதான் எனக்குள் ஒரு பேருண்மை உதித்தது. கூடத்தின் நடுவில் நின்று அறிவித்தேன்.

"இதோ பார், ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கேன். விளக்கைப் படம் எடுக்கும்போது ஃபில்டர் மாட்டவே கூடாது!"

அவள் அடுத்த விளக்குக்கு மூங்கிலைச் சீவியபடி, தலை நிமிராமல் சொன்னாள்.

"தெரியுங்க. நீங்க அதைக் கண்டுபிடிக்கச் சாயந்திரம் ஆயிடும், அதுவரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கோங்கன்னு அந்த ஹோட்டல் அம்மாகிட்ட மத்தியானமே சொல்லிட்டேன்."