வான் டைக்கனை முந்திய படலம்

ஒல்லாந்தரை நீரில் வென்ற ஒரே யாழ்ப்பாணத்தான், முப்பத்துநான்கு கனடியப் பனிக்காலம் கண்டும் பல் கிட்டாத பெருந்தகை, தபால் பொதி தரம்பிரித்தே தோள் பெருத்த திண்புயன், மோர்னிங்சைட் கோப்பிக்கடை மூலைமேசையை நாவொன்றால் ஆண்ட நாயகன் அமிர்தநாதர் வாழ்க! அவர் நீந்திய அந்தப் புதன்கிழமை ஒன்ராறியோ ஏரி ஒரு சாண் உள்வாங்கியது. நயாகரா அரை நிமிடம் விழ மறந்து நின்றது. நம்பாதவர்கள் நயாகராவையே கேட்டுக்கொள்ளலாம்.

பெரும்போர்களுக்கெல்லாம் சின்ன வித்துத்தானே. இந்தப் போருக்கு வித்து ஒரு நீலப் பை. சமூக நிலைய நீச்சற்குளத்தின் உடைமாற்றும் அறையில், அவருக்குப் பக்கத்து வாங்கு இருக்கையில், விளக்குக்கம்பம்போல் நெடிதுயர்ந்த ஒரு வெள்ளைக்கார முதியவரின் பையில் ‘வான் டைக்கன்’ என்று கறுப்பு மையில் எழுதியிருந்தது. அமிர்தநாதர் கைத்தொலைபேசியைக் கேட்டார். ஒல்லாந்து, அதாவது டச்சுக் குலப்பெயர் என்றது அது. ஒலிம்பிக்கில் ஆறு தங்கம் அள்ளிய நீச்சல் வீராங்கனை ஒருவரால் ஆங்கில உலகெங்கும் பழகிப்போன பெயர் என்றும் சொன்னது. யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்து நூறாண்டுக்கு மேல் குந்தியிருந்த குலம். போதாக்குறைக்கு நீரையும் ஆண்ட பெயர். நாயகனின் நெஞ்சில் இரட்டைத் தீ மூண்டது. அந்த முதியவர் வீராங்கனைக்கு உறவா என்று மட்டும் அவர் விசாரிக்கவில்லை. விசாரித்து, இல்லை என்றுவிட்டால் தீ என்னாவது?

அன்று மாலையே கோப்பிக்கடையில் வஞ்சினம் பிறந்தது.

“வாற புதன், பத்து மணி. கோட்டையைப் பிடிச்ச ஒல்லாந்தன்ர வாரிசைத் தண்ணியில முந்திக் காட்டுறன். முந்தாட்டி, இந்த மேசையில இனி நான் வாய் திறக்கமாட்டன்.”

எதிரே இருந்தவர் ஐயுறவே உருவெடுத்த மகேஸ்வரன். நாயகனின் மனைவிக்குத் தம்பி.

“அத்தான், நீங்கள் போன மாதந்தானே மிதவையை விட்டனீங்கள்,” என்றார் அவர். “பரவாயில்லை. தோத்தாலும் எங்களுக்கு லாபம்.”

மேசை சிரித்தது. அமிர்தநாதர் மட்டும் சிரிக்கவில்லை. வாளிழந்த வீரன் வாழலாம், முடியிழந்த மன்னனும் வாழலாம், பேச்சிழந்த அமிர்தநாதர் எவ்வாறு வாழ்வார்?

புதன் புலர்ந்தது. ஆமைப்படம் பொறித்த பலகையைக் கொடியாகக் கொண்ட மெதுநீந்துவோர் பாதையில், பச்சைத் தொப்பி மகுடமாய், கண்ணாடி கவசமாய் நாயகன் இறங்கினார். உயர்ந்த கதிரையில் உயிர்காப்பாளரான தமிழ்ப்பெண் ஜெசிகா; பார்வையாளர் வாங்கில் கோப்பிக் குவளையோடு மகேஸ்வரன். முன்னே, இடுப்பெலும்பு மாற்றி ஆறுமாதமே ஆன வான் டைக்கன், பாய்விரித்த கப்பல்போல் அசையாது அசைந்து சென்றார்.

பின்தொடர்ந்தார் அமிர்தநாதர், கரங்கள் காற்றாடியாய்ச் சுழல, கால்கள் கடலைக் கடைய, வாய்வழி புகுந்த குளோரின் நீர் மூக்குவழி மீள, முதற்சுற்றில் ஒரு முழம் நெருங்கி, இரண்டாம் சுற்றில் மூன்று முழம் பின்தங்கி, மூன்றாம் சுற்றில் தம் குலதெய்வத்தோடு அயலவர் குலதெய்வங்களையும் துணைக்கழைத்து, நான்காம் சுற்றில் அலைகிளப்பிப் பக்கத்துப் பாதையையும் நனைத்தார்.

“அங்கிள், ஸ்லோ லேன்ல ரேஸ் ஓடேலாது,” என்றாள் ஜெசிகா. காதில் நீர் புகுந்த வீரருக்குச் சட்டம் கேட்குமா?

ஐந்தாம் சுற்றில், மூச்சு முட்டி, கண் இருண்டு, கடைசி வலுவெல்லாம் திரட்டி வீசிய வலக்கரம், எட்டி, நீண்டு, பகைவனின் பாதத்தைத் தொட்டது.

“காலில விழுந்திட்டார்,” என்றார் வாங்கிலிருந்த மகேஸ்வரன். நாயகனும் அவ்வாறே எண்ணினார். தலைமுறைக்கும் தீராப் பழி. ஒல்லாந்தன் தாளைத் தீண்டிய கை.

ஆனால் குளத்துக்கென்று ஓர் அறம் உண்டு. பின்னால் வருபவர் காலைத் தொட்டால், முன்னே செல்பவர் சுவரோரம் நின்று வழிவிட வேண்டும். சுவர்ப்பலகையில் அது எழுதியிருந்தது. அமிர்தநாதர் பலகைகளை வாசிப்பவரல்லர். வான் டைக்கன் வாசித்தவர். சுவரைப் பற்றி ஒதுங்கி நின்றார், தலை தாழ்த்தினார், முன்னே செல்க என்று கைகாட்டினார். கோட்டைக் கதவு திறந்தது. நாயகன் சுவரை உதைத்துப் பாய்ந்து, ஒரு முழு நீளம் முன்னணியில் நீந்தி, மறுகரை தொட்டு, வீறுகொண்ட சிங்கமென இருமினார். தாம் ஒரு போரில் இருந்ததே அறியாத வான் டைக்கன் புன்னகைத்துவிட்டு வெந்நீர்த் தொட்டிக்குப் போனார்.

மறுநாள் மூலைமேசையில் அமிர்தநாதர் முக்கால் மணிநேரம் இடைவிடாது முழங்கினார். அலைகள் பனையளவு எழுந்தன. ஒல்லாந்தர் இருவராகி, எழுவராயினர். கடைசியில் ஒரு கப்பற்படையே புறங்காட்டியது. எல்லாக் கண்களும் சாட்சியை நோக்கின. சுவர்ப்பலகையின் வழிவிடும் விதியை இருமுறை வாசித்து வந்திருந்த சாட்சி, கோப்பிக் குவளையைக் கீழே வைத்தார். எதிரே அத்தான் அரைச் சொல்லில் நின்று, கோப்பியைத் தொடாமல், அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஓம், முந்தினவர்தான், நான் பாத்தனான்,” என்றார் மகேஸ்வரன்.