வெறும் நிழல்

மொட்டை மாடியில் நான் கட்டிய தூணை, என் உடம்பில் உயிர் உள்ளவரை இடிக்க விடுவதில்லை என்று முடிவு செய்தேன். முடிவு செய்வது என் வேலை. அதை மாற்றுவது என் மனைவியின் வேலை. எங்கள் வீட்டில் வேலைப் பங்கீடு எப்போதும் தெளிவாகவே இருந்திருக்கிறது.

தூண், தொலைநோக்கிக்காக. வெளிநாட்டு வாடகை வீடுகளின் ஜன்னல் வழியே பாதி நிலாவை மட்டும் பார்த்துப் பாதி ஆயுளைக் கழித்தவன் நான். ஊர் திரும்பி, சொந்தமாக ஒரு மாடி வாய்த்ததும், தளத்தைத் துளைத்துக் கம்பி இறக்கி, கான்கிரீட் தூண் எழுப்பி, அதன் தலையில் தொலைநோக்கியை அமர்த்தினேன். என் வாழ்க்கையில் ஆடாமல் நின்றது அது ஒன்றுதான்.

பிறகு மழை வந்தது. தூணுக்கு நேர் கீழே எங்கள் படுக்கையறை.

"ஏங்க, மேல பாருங்க."

"என்ன?"

"ஒழுகுது."

"ஒழுகல. அது வெறும் நிழல்."

இந்த இடத்தில் என் தகுதியைச் சொல்லியாக வேண்டும். ஞாயிறு மாலைகளில், ஒரு பள்ளிக்கூட ஆய்வகத்தில் வான்நோக்கர் சங்கம் கூடும். விண்கலங்கள் எடுத்த படங்களைத் திரையில் போட்டுப் பார்ப்போம். ஒருவருக்குச் செவ்வாயில் படிக்கட்டு தெரியும். இன்னொருவருக்கு நிலாவில் யாரோ ஒருக்களித்துப் படுத்திருப்பது தெரியும். எல்லாம் கண்ணின் மயக்கம் என்று எடுத்துச் சொல்வது என் பொறுப்பு. செவ்வாய்க் குன்று ஒன்று மனித முகமாகத் தெரிந்து உலகமே வாயைப் பிளந்ததையும், பிறகு நல்ல கேமரா போய் எடுத்தபோது அது சாதாரணக் குன்றாகவே இருந்ததையும் நான் சொல்லாத வாரம் கிடையாது. சங்கத்தில் எனக்கு நிழலார் என்றே பெயர்.

என் மனைவி பல் மருத்துவர். ஊரார் வாயையெல்லாம் திறக்க வைப்பவள். என் வாயை மட்டும் மூட வைப்பாள்.

"சொத்தைப் பல்லோட வர்றவங்களும் இதையேதான் சொல்றாங்க. 'ஒண்ணுமில்ல டாக்டர், சும்மா கறை.'"

"பல்லு வேற, கூரை வேற."

"ஓட்டை ஒண்ணுதானே? தூணை எடுத்துட்டு அடைச்சாத்தான் நிக்கும்."

"கண்ணை அப்படியே நம்பக் கூடாதும்மா. வெளிச்சம் விழற பக்கத்தைப் பொறுத்துப் பள்ளம் மேடாத் தெரியும், மேடு பள்ளமாத் தெரியும். விளக்கை இடம் மாத்திப் பாரு, காணாமப் போயிடும்."

"மாத்தியும் அப்படியே இருந்தா?"

"இருந்தா நிஜம்."

"சரி" என்றாள்.

அவள் 'சரி' என்று சொல்லும்போதெல்லாம் என் பக்கத்தில்தான் ஏதாவது சரியும். அன்று அது எனக்கு நினைவுக்கு வரவில்லை. அந்த மழைக்காலம் முழுக்க அவள் இருமிக்கொண்டிருந்தாள். மின்விசிறித் தூசி என்று காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

அடுத்த ஞாயிறு சங்கச் செயலாளர் வாசலிலேயே என்னை மடக்கினார். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எளிதில் பரபரக்காதவர்.

"நிழலாரே, யாரோ பேர் போடாம படம் அனுப்பியிருக்காங்க. 'இது நிழலா நிஜமா'ன்னு ஒரே ஒரு கேள்வி. நீங்கதான் சொல்லணும்."

அன்று என் மனைவியும் வந்திருந்தாள். சங்கத்துக்கு முதல் முறை. கடைசி வரிசையில், நான் முன்பின் பார்த்திராத ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கணவனின் பெருமை தெரிய இத்தனை காலம் ஆகியிருக்கிறது என்று நெகிழ்ந்தேன்.

திரையில் வெளிறிய ஒரு சமவெளி விரிந்தது. நடுவே பழுப்பு நிறத்தில் ஓர் ஏரி. வளையத்துக்குள் வளையம். கரையோரம் உப்புப் பூத்திருந்தது. இன்னொரு படம் அதே இடம்தான், வெளிச்சம் மட்டும் எதிர்ப்பக்கத்திலிருந்து. சிறு மேடுகளின் நிழல்கள் பக்கம் மாறியிருந்தன. ஏரி இம்மியும் மாறவில்லை. படத்தைத் தலைகீழாகத் திருப்பச் சொன்னேன். அப்போதும் மாறவில்லை.

எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"நண்பர்களே, இது நிழல் இல்லை. தண்ணீர்."

முன்வரிசையில் இருவர் எழுந்தே நின்றுவிட்டார்கள்.

"எப்படிச் சொல்றீங்க?" என்றார் செயலாளர்.

"வளையங்களைப் பாருங்க. வந்து, காய்ஞ்சு, மறுபடி வந்திருக்கு. கனமான ஏதோ ஒண்ணு மேல் பரப்பைத் துளைச்சு உள்ள இறங்கியிருக்கணும். அந்த விரிசல் வழியாத்தான் கசியுது."

"ஓரத்துல கருப்புக் கருப்பா?"

கண்ணாடியைக் கழற்றினேன். இத்தனை வருடம் எல்லோருக்கும் இல்லை இல்லை என்றே சொல்லிவந்த வாய் இது.

"உயிர்" என்றேன். "பூசணம் மாதிரி ஓர் எளிய உயிர்."

யாரோ விசும்பினார். செயலாளர் என்னைக் கட்டிக்கொண்டார். கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

"சார், ஒரு சந்தேகம்." வீட்டில் அவள் என்னை சார் என்று அழைத்ததே இல்லை. "அந்த உயிர் பக்கத்துல தினமும் படுத்துத் தூங்கினா என்ன ஆகும்?"

"இருமல் வரலாம்மா."

அவள் ஒரு முறை இருமினாள். பிறகு செயலாளரிடம், "மூணாவது படமும் அனுப்பியிருந்தேனே, போடுங்க" என்றாள்.

மூன்றாவது படம் சற்று தள்ளி நின்று எடுத்தது. கோளின் வலது ஓரத்தில் எங்கள் படுக்கையறை மின்விசிறி தெரிந்தது.

இரண்டு மொழிகளில் படித்தவன் நான். இரண்டிலும் சமாளிப்பேன்.

"நண்பர்களே" என்று சிரித்தேன். "இது நானும் என் மனைவியும் பேசி வைத்து நடத்திய பாடம். படித்தவன் ஒருவன் உறுதியாகச் சொன்னால் எவ்வளவு சுலபமாக நம்பிவிடுகிறோம், பார்த்தீர்களா?"

"அடடா!" என்றார் செயலாளர். "அப்ப இது உங்க வீட்டுக் கூரைன்னு முதல்லயே தெரியுமா?"

"பின்னே?"

"ஒழுகறதும்?"

"தெரியாமலா!"

"தூணாலதான் ஒழுகுதுன்னும்?" இது கடைசி வரிசையிலிருந்து.

"அதுவும்தான்!"

கைத்தட்டல் அடங்க நேரமானது. நான் குனிந்து வணங்கினேன். நிமிரும்போதுதான் எதையெல்லாம் ஒப்புக்கொண்டிருக்கிறேன் என்று புரிந்தது.

அவள் மட்டும் கை தட்டவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம், "கேட்டீங்கல்ல?" என்றாள்.

அவர் எழுந்தார். "கேட்டேன்ம்மா. காலையில ஆளுங்களோட வந்துடறேன்" என்றவர், மிகுந்த மரியாதையோடு என் பக்கம் திரும்பினார். "தூணைத் தலையிலேர்ந்து உடைக்கவா சார், அடியிலேர்ந்தா?"