ஆறு மாதம் அசையாத பணம்

மனித குலம் இதுவரை எழுதிய வாக்கியங்களில் ஆகச் சிறந்தது எது என்று யாராவது கேட்டால், நான் ஒரு நொடிகூட யோசிக்க மாட்டேன். நான் பிழைக்க வந்திருக்கும் நாட்டின் குடியேற்ற அலுவலகம் வெளியிட்ட கையேடு, பதினொன்றாம் பிரிவு, நான்காம் உட்பிரிவு. 'மனைவியை அழைத்துவர விரும்பும் கணவன், மாத வருமானத்துக்குச் சான்று காட்ட இயலாவிடில், குறிக்கப்பட்ட தொகையைத் தன் சொந்தச் சேமிப்பாக வங்கியில் வைத்திருத்தல் வேண்டும். அத்தொகை ஆறு மாதங்களில் ஒரு நாள்கூடக் குறையாதிருத்தல் வேண்டும்.' என்ன கருணை பாருங்கள்! வந்த இடத்தில் அவள் பட்டினி கிடந்துவிடக் கூடாதே என்று, அவள் வருவதற்கு முன்பே கவலைப்படுகிறது ஓர் அரசாங்கம். என் மாமனார்கூட இவ்வளவு கவலைப்பட்டதில்லை.

எனக்கு வருமானம் உண்டு. சான்றுதான் கிடையாது. வீடு வீடாகப் போய் வாஷிங் மெஷின் ரிப்பேர் பார்ப்பவன் நான். ஒரு மாதம் ஊரில் பாதி மெஷின்கள் மக்கர் பண்ணும். அடுத்த மாதம் எல்லாம் பேசி வைத்துக்கொண்டதுபோல் ஒழுங்காக ஓடும். சம்பளச் சீட்டு வேண்டுமென்றால் நான் யாரிடம் போய்க் கேட்பேன்? ஆகவே எனக்கு இருப்பது 'சேமிப்பு வழி' ஒன்றே என்று விசா ஆலோசகர் தீர்ப்புச் சொன்னார். அவர் எதைச் சொன்னாலும் தீர்ப்பு மாதிரிதான் இருக்கும்.

"சேமிப்பு எவ்வளவு இருக்கு சார்?"

"முக்கால்வாசி தேறும். மீதிக்குக் கடன் வாங்கிடலாமா?"

"கூடாது. கடன் சேமிப்பாகாது. சொந்தச் சொத்து எதையாவது வித்தா, அது சேமிப்பு."

என் சொந்தச் சொத்து ஒரு பழைய வேன். அதில்தான் மோட்டார், பெல்ட், பம்பு எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவேன். அதை விற்றேன். குடும்பத்தைக் காப்பாற்றும் 'வல்லமை' எனக்கு இருக்கிறது என்று நிரூபிக்க, இதுவரை என்னைக் காப்பாற்றியதை விற்பது நியாயம்தானே! அன்றிலிருந்து டூல்பாக்ஸைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போனேன். வருமானம் பாதியாயிற்று. ஆனால் வங்கியில் தொகை கச்சிதமாக நிறைந்தது. ஒரு காசு கூடவுமில்லை, குறையவுமில்லை.

"இனி அதைத் தொடக்கூடாது. விண்ணப்பம் குடுத்தப்புறம் உங்க இஷ்டம்," என்றார் ஆலோசகர்.

"பாக்கலாமா?"

"தாராளமா பாருங்க."

அப்போது ஊரில் என் மனைவிக்கு இரண்டாம் மாதம். கணக்குப் போட்டுப் பார்த்தோம். எட்டாம் மாதத்தில் விண்ணப்பம் கொடுத்துவிடலாம். உடனே அந்தப் பணத்தில் டிக்கெட் எடுத்து, பிரசவத்துக்கு நான் பக்கத்தில் இருக்கலாம். அவள் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறாள். "என் சம்பளம் எனக்குப் போதும். ஒண்ணும் அனுப்பாதீங்க. அதை மட்டும் பத்திரமா பாத்துக்கோங்க," என்று சொல்லிவிட்டாள்.

பாதி வருமானத்தில் போனுக்கு டேட்டா போடுவது ஆடம்பரம் என்று தோன்றியது. ஆகவே ரிப்பேருக்குப் போகும் வீடுகளில் வைஃபை கேட்டு வாங்கிக்கொள்வேன். மெஷினைச் சரிசெய்தபின் ஒரு முறை ஓட்டிப் பார்க்க வேண்டுமல்லவா? அந்தப் பதினைந்து நிமிடம்தான் எங்கள் இல்லற வாழ்க்கை.

"ஏங்க, என்ன அங்க சத்தம்?"

"ஸ்பின் ஆகுது."

"அப்ப ரெண்டு நிமிஷம்தான் இருக்கு. சீக்கிரம் சொல்லுங்க, சாப்டீங்களா?"

பணம் போட்ட மூன்றாம் மாத முடிவில் அதைப் பார்க்கப் போனேன். பார்க்கத்தான் அனுமதி உண்டே. கணக்கில் ஒரு டீயின் விலை அளவுக்குப் பணம் குறைந்திருந்தது. பதறியடித்துக்கொண்டு கவுண்டருக்கு ஓடினேன்.

"உங்க கணக்குல மூணு மாசமா எந்த நடமாட்டமும் இல்ல சார். அதுக்கு ஒரு சின்னக் கட்டணம்," என்றார் அங்கிருந்த பெண், சிரித்த முகமாக.

"நடமாட்டம் இருக்கக்கூடாதுன்னு அரசாங்கமே சொல்லுதேம்மா!"

"அரசாங்கம் சொல்லும் சார். இது வங்கி."

அங்கேயே அந்த டீ காசைப் போட்டுவிட்டு ஆலோசகரிடம் போனேன்.

"எத்தனை நாள் குறைஞ்சிருந்துச்சு?"

"ஒரே ஒரு நாள்."

"அப்ப மறுபடியும் ஆறு மாசம். மொதல்லேருந்து."

எவ்வளவு துல்லியம்! ஒரு டீ காசு ஒரு நாள் குறைந்தால், அந்த நாளில் என் மனைவி பசியோடு இருந்திருப்பாள் அல்லவா? அதன்பின் மாதா மாதம் ஒரு நாணயம் போட்டுக் கணக்கை நடமாட வைத்தேன். பணம் அசைந்தது. நான்தான் அசைய முடியவில்லை.

அவளுக்குப் பத்தாம் மாதம் வந்தது. ஆறு மாதம் நிறைய இன்னும் ஒரு மாதம் பாக்கி. அப்போது நான் நாலாவது மாடியில் ஒரு வீட்டில் பம்பு மாற்றிக்கொண்டே அவளிடம் போனில் பேசிக்கொண்டிருந்தேன்.

"டிக்கெட் எடுத்தா திரும்ப மொதல்லேருந்துதான். நான் என்ன பண்ணட்டும், நீயே சொல்லு," என்றேன்.

"இப்ப வந்தா பத்து நாள் இருப்பீங்க. வராம இருந்தா நாங்க ரெண்டு பேரும் அங்க வந்து கடைசி வரைக்கும் இருப்போம். வர வேண்டாங்க." குரல் உடைந்துபோய்த்தான் சொன்னாள்.

எனக்கு அழுகை பீறிட்டு வந்துவிட்டது. அந்த வீட்டுக்காரம்மா ஓடி வந்து, "அவ்வளவு செலவு வருமா?" என்று கேட்டார்.

மூன்றாம் நாள், இன்னொருவர் வீட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, அப்போதுதான் பிறந்திருந்த என் மகளைப் போனில் பார்த்தேன். மூக்கு என்னுடையது. அவளைத் தூக்க வேண்டும்போலக் கை பரபரத்தது. கையில் மெஷினின் கழிவுநீர்க் குழாய் இருந்தது.

ஆறு மாதம் நிறைந்தது. மகளின் பெயரையும் சேர்த்து விண்ணப்பித்தேன். வங்கி அறிக்கையைப் பார்த்து ஆலோசகரே நெகிழ்ந்துபோனார். "இருபது வருஷத்துல இப்படி ஒரு சுத்தமான கணக்கை நான் பாத்ததில்ல சார். இதை யாரும் நிராகரிக்கவே முடியாது."

அவர்கள் இருவரும் வருவதற்கு டிக்கெட் எடுக்க வேண்டுமே என்று, நான் போகாமல் பணத்தைத் தொடாமல் காத்திருந்தேன். பத்து வாரம் கழித்துக் கடிதம் வந்தது. முதல் பத்தி என்னைப் பாராட்டியது. 'நிதித் தகுதி: முழுமையாக நிறைவு.' இரண்டாம் பத்தியை அப்படியே தருகிறேன். 'மேற்படி காலத்தில் இவர் மனைவிக்குப் பணம் அனுப்பியதாகவோ, அவரைச் சென்று பார்த்ததாகவோ சான்று இல்லை. போதிய பணம் கையிருப்பில் இருந்தும், தம் குழந்தையின் பிறப்புக்குக்கூடச் செல்லவில்லை. உண்மையான கணவர் இவ்வாறு நடந்துகொள்வார் என நம்ப இயலவில்லை. ஆகவே இத்திருமணம் மெய்யானதன்று எனக் கருதி விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.'

கடிதத்தை ஆலோசகரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "மேல்முறையீடு பண்ணலாம் சார். நீங்க போய்ப் பாத்துட்டு வந்த டிக்கெட் மட்டும் இருந்தா போதும். அந்தப் பணமும் அதுவரைக்கும் குறையக்கூடாது, அவ்வளவுதான்."

"டிக்கெட் எடுத்தா பணம் குறையுமே?"

"குறையும்."

"குறைஞ்சா?"

அவர் கடிதத்தை மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

நேராக வங்கிக்குப் போனேன். கவுண்டரில் அதே பெண், அதே சிரிப்பு. "இவ்ளோ பெரிய தொகை எடுக்கிறீங்களே, என்ன விஷயம் சார்?"

"பொண்ணப் பாக்கப் போறேம்மா."

நோட்டுகளை அவர் எண்ணிக்கொண்டிருந்தபோது கடிதத்தை இன்னொரு முறை படித்தேன். இவ்வளவு நேரம் அந்த அலுவலகத்தை நான் புகழ்ந்ததில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. உண்மையான கணவன் அந்தப் பணத்தைத் தொட்டிருப்பான், பிரசவத்துக்கு ஓடியிருப்பான் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான், தொடாதவன் மட்டுமே மனைவியை அழைத்து வரலாம் என்று விதி எழுதி வைத்திருக்கிறார்கள்.